1971-ல் ராணுவத்தில் ஒரே செக்‌ஷனில் இருந்தவரை இப்போது தேடுவது: நம்பர் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது

#1 இன்லேண்ட்_லெட்டர்

தேடுபவர் 1 மெட்ராஸ், அதாவது மெட்ராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன்; அவருக்காக நான் எழுதுகிறேன். 1968-ல் சேர்ந்தவர், 1983-ல் பென்ஷன் வந்தவர். தேடப்படுபவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஆறுமுகம். ஒரே நாளில் சேர்ந்து, 1971 சண்டையில் ஒரே செக்‌ஷனில் இருந்தவர். ஊர் வடஆர்க்காடு ஜில்லா, போளூர் பக்கம். 1973-ல் அவர் போட்ட இன்லேண்ட் லெட்டர் ஒன்று இருக்கிறது; அனுப்புநர் முகவரியில் வேறு ஏதோ யூனிட்டும் 99 ஏ.பி.ஓ.வும் (ராணுவத் தபால் நிலையம்). அதன் பிறகு ஒன்றும் இல்லை.

இன்னொருவர் பட்டாலியனோடு இருந்த நர்சிங் அசிஸ்டன்ட். மலையாளி. எல்லாரும் ‘குட்டி’ என்றே கூப்பிட்டார்கள், முழுப்பெயர் தெரியாது. 1972-ல் எடுத்த கம்பெனி குரூப் போட்டோவில் இருவரும் இருக்கிறார்கள்.

ஓர் அலுவலகத்துக்கு எழுதியதில் ‘விவரம் போதாது’ என்று ஒரே வரியில் பதில். எந்த வரிசையில் போவது?

#2 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

பெயரைக் கொடுத்தால் அப்படித்தான் பதில் வரும். ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது ரெஜிமெண்டின் ஆட்களுடைய காகிதங்கள் இருக்கும் அலுவலகம், சர்வீஸ் நம்பரில் இயங்குகிற இடம். ‘ஆறுமுகம், வடஆர்க்காடு’ என்று கேட்டால் பத்து ஆறுமுகம் வருவார், பத்துக்கும் ஸ்பெல்லிங் வேறு. Aவில் தொடங்கி R-க்குப் பிறகு U இருக்கும், இருக்காது. கடைசியில் M இருக்கும், N ஆகியிருக்கும். இனிஷியல் முன்னால் ஒருவருக்கு, பின்னால் ஒருவருக்கு.

ஆனால் உங்களிடம் நம்பர் இல்லை என்று சொல்வது சரியில்லை சார். தேடுபவரின் நம்பர் இருக்கிறதே. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்றால் நம்பர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் விழுந்திருக்கும். லாங் ரோல், அதாவது சேர்ந்தவர்களின் பதிவேடு, நம்பர் வரிசையில் எழுதப்படுவது. ‘25 என்று தொடங்கும் என் நம்பருக்கு முன்னும் பின்னும் ஐம்பது பதிவுகளுக்குள், இந்தத் தேதியில் சேர்ந்த, வடஆர்க்காடு ஜில்லாக்காரரான ஆறுமுகம்’ என்று கேளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர் ஒரு பதிவேட்டின் சில பக்கங்களைப் புரட்டினால் போதும். ‘விவரம் போதாது’ என்று எழுதுவதற்கு அவருக்கு வழியிருக்காது.

சேர்ந்த தேதி டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். ஞாபகத்தில் இருக்கிற தேதியை எழுதாதீர்கள். ட்ரெயினிங் தொடங்கிய நாளையும் சேர்ந்த நாளையும் பலர் குழப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்று. 1 மெட்ராஸ் என்றதும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் இருக்கும் வெலிங்டனுக்கு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1979-ல் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி ரெஜிமெண்ட் உருவானபோது 1 மெட்ராஸ் அதன் முதல் பட்டாலியனாகப் போய்விட்டது. அந்த ரெஜிமெண்டின் சென்டர் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்). தேடுபவர் 1983 வரை இருந்தவர் என்பதால் அவருடைய காகிதம் அங்கே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆறுமுகம் 1979-க்கு முன் வெளியே வந்திருந்தால் வெலிங்டனிலேயே இருக்கும். எது என்று தெரியாதவரை இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ‘நகல்: அகமதுநகர்’ என்று போட்டால் இரண்டு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள்.

#3 கரிசல்காட்டான்

அந்த இன்லேண்ட் லெட்டரில் வேறு யூனிட் பெயர் இருப்பதால் ஆள் ரெஜிமெண்ட் மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாமா?

#4 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

வேண்டாம். ஈ.ஆர்.ஈ. போஸ்டிங்காக, அதாவது ரெஜிமெண்டுக்கு வெளியே தற்காலிக வேலையாக இருக்கலாம். என்.சி.சி., டி.ஏ. (டெரிட்டோரியல் ஆர்மி) பட்டாலியன், ஏதாவது ஹெட்குவார்ட்டர்ஸ், ட்ரெயினிங் ஸ்கூல் என்று இரண்டு மூன்று வருஷம் அனுப்புவார்கள். ஆள் அங்கே இருப்பார், அவருடைய டாக்குமெண்ட் தாய் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸில்தான் இருக்கும். லெட்டரில் இருக்கிற யூனிட்டுக்கு எழுதி வருஷத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

நிஜமாகவே மாறியவர்களும் உண்டு. அப்போதும் நம்பர் பழைய கதையைச் சொல்லும். பரம் வீர் சக்ரா பெற்ற லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா 1971-ல் கங்காசாகரில் வீழ்ந்தபோது 14 கார்ட்ஸில் (கார்ட்ஸ் ரெஜிமெண்டின் 14-வது பட்டாலியன்) இருந்தார். அவருடைய நம்பர் 4239746. 42 பீகார் ரெஜிமெண்டுக்கு உரிய தொடக்கம். 1962-ல் அங்கே சேர்ந்து பிறகு கார்ட்ஸுக்கு வந்தவர், நம்பர் கூடவே வந்தது. அதே விருது பெற்ற அப்துல் ஹமீதின் 2639885-ஐப் பாருங்கள், 26 கிரனேடியர்ஸ். அவர் கடைசிவரை கிரனேடியர்ஸ். அதனால் ஏதாவது பழைய காகிதத்தில் நண்பரின் நம்பர் கிடைத்தால், முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, அவர் முதலில் சேர்ந்த ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸிலிருந்து தொடங்குங்கள். மெட்ராஸுக்கு 25.

ஒரு பொறி இருக்கிறது. நாயப் சுபேதார் ஆனதும் ஜே.சி. (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்) நம்பர் வந்துவிடும், பென்ஷன் அதில்தான் ஓடும். நண்பர் கெட்டிக்காரராக இருந்து மேலே போயிருந்தால் பழைய சிப்பாய் நம்பரை வைத்துக்கொண்டு பென்ஷன் பக்கம் தேடினால் கிடைக்காது. ரெக்கார்ட்ஸில் இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கும்.

#5 தபால்தலை_பைத்தியம்

இன்லேண்ட் லெட்டரை ஸ்கேன் செய்வதற்கு முன் மடிப்பை இஸ்திரிப்பெட்டி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், முத்திரை மை போய்விடும். முத்திரைதான் முக்கியம்.

அனுப்புநர் முகவரியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று மட்டும்தான் இருக்கும், இடம் இருக்காது. 56-க்கு வருகிற தபால் டில்லி வழியாகவும் 99-க்கு வருவது கல்கத்தா வழியாகவும் பிரிக்கப்பட்டது. அதனால் 99 என்றால் கிழக்கு, வடகிழக்குப் பக்கம் என்று பிடித்துக்கொள்ளலாம். அதைவிட நுணுக்கமானது வட்ட முத்திரைக்குள் இருக்கும் எஃப்.பி.ஓ. எண். ஒவ்வொரு ஃபீல்டு போஸ்ட் ஆபீஸும் ஒரு பிரிகேடு, டிவிஷன் என்று ஏதாவது ஒன்றோடு ஒட்டியிருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் படைத்தபால் முத்திரை சேர்ப்பவர்களிடம் காட்டினால் அந்த வருஷம் அது எங்கே இருந்தது என்று பட்டியல் வைத்துச் சொல்வார்கள். எண் மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்து, போனில் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். மையை விட முத்திரை அழுந்திய பள்ளம் தெளிவாகத் தெரியும்.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். பிற்காலத்துக் கடிதம் ஏதாவது கிடைத்து, அதில் 9-ல் தொடங்கும் ஆறிலக்கம் இருந்தால் அது ராணுவ பின்கோடு. அது குறிப்பிட்ட யூனிட்டையே காட்டும்.

#6 நாகர்கோவில்காரன்

‘குட்டி’ விஷயத்துக்கு வருகிறேன். முதல் தவறு, அவரை 1 மெட்ராஸ்காரர் என்று நினைப்பது. நர்சிங் அசிஸ்டன்ட் ஆர்மி மெடிக்கல் கோர் ஆள், பட்டாலியனோடு ஒட்டிக்கொண்டு இருந்தவர். ஏ.எம்.சி. ரெக்கார்ட்ஸ் லக்னோவில். வெலிங்டனில் அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த அட்டாச்மெண்ட் குழப்பம் நண்பர் தேடலில் நிறையப் பேரைத் தடுக்கிறது. வயர்லெஸ் செட்டோடு வந்தவர் சிக்னல்ஸாக இருக்கலாம், ரெக்கார்ட்ஸ் ஜபல்பூர். வண்டி ரிப்பேர் பார்த்த கிராஃப்ட்ஸ்மேன் இ.எம்.இ. (ரிப்பேர் வேலைக்கான கோர்), செகந்திராபாத். ஓ.பி.யில் (கண்காணிப்பு நிலை) கூட உட்கார்ந்திருந்தவர் பீரங்கிப்படை, நாசிக் ரோடு கேம்ப். பாலம் போட்டவர், மைன் எடுத்தவர் ‘தம்பி’யாக இருந்தால், அதாவது எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்), பெங்களூர். ஒரே பதுங்குகுழியில் ஒரு மாதம் இருந்தாலும் காகிதத்தில் ஆளுக்கொரு ஊர்.

குரூப் போட்டோவை உருப்பெருக்கிப் பாருங்கள். தோள்பட்டையில் இருக்கும் பித்தளை எழுத்து, தொப்பியின் பேட்ஜ் இரண்டும் யார் எந்தக் கோர் என்று காட்டிக்கொடுக்கும். அட்டையில் ஒட்டிய போட்டோ என்றால் கீழே வரிசைப்படி பெயர்கள் அச்சாகியிருக்கும், ‘இடமிருந்து வலம்’ என்று. ஃப்ரேம் போடும்போது அந்தப் பகுதியை மடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள். ஃப்ரேமைக் கழற்றிப் பாருங்கள்.

#7 இன்லேண்ட்_லெட்டர்

கழற்றினேன். மடித்துத்தான் இருந்தது. உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் நடு வரிசைக்கும் பெயர் இருக்கிறது, பின் வரிசை கிழிந்துவிட்டது. குட்டி நடு வரிசை. என்.ஏ. என்று போட்டு, ஒரு இனிஷியலும் ‘குட்டன் பிள்ளை’ என்றும் இருக்கிறது.

#8 நாகர்கோவில்காரன்

அருமை. இப்போது லக்னோவுக்கு எழுதக் கையில் விஷயம் இருக்கிறது: ட்ரேடு, பெயர், எந்த பட்டாலியனோடு எந்த வருஷம் அட்டாச்மெண்ட். ‘என்.ஏ.’ என்பதை நாயக் என்று படித்துவிடாதீர்கள், நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

கேரளத்துக்காரரைத் தேடும்போது இனிஷியலை அப்பா பெயர் என்று நினைத்துப் போகாதீர்கள். அது பெரும்பாலும் வீட்டுப்பெயர். ஊரில் விசாரிக்கும்போது ஆள் பெயரைவிட வீட்டுப்பெயரும் போஸ்ட் ஆபீஸ் பெயரும்தான் வேலை செய்யும். பதினான்கு ஜில்லாவிலும் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) உண்டு. தெற்கிலிருந்து தொடங்குங்கள், குட்டன் பிள்ளை என்ற பெயர் திருவிதாங்கூர் வாசனை அடிக்கிறது. (இது என் ஊகம், அரசாணை இல்லை.)

#9 சட்டப்பிரிவு

ஏன் இவ்வளவு சுற்று? பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் முகவரியைக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

#10 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

பதில் சொல்வார்கள். ‘பிரிவு 8(1)(j), தனிநபர் தகவல், மறுக்கப்படுகிறது’ என்று. அந்த மறுப்பு ஃபைலில் ஏறிவிட்டால் பிறகு அதே ஆபீஸுக்கு நீங்கள் அன்பாக எழுதினாலும் ‘ஏற்கெனவே மறுக்கப்பட்டது’ என்று மூடிவிட ஒரு காரணம் கிடைக்கும்.

முகவரி கேட்காதீர்கள். கடிதத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய முகவரி உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கடிதம் அவருக்குப் போனால் போதும், பதில் போடுவது அவர் இஷ்டம்.

#11 சட்டப்பிரிவு

பிரிவு 11 இருக்கிறதே. மூன்றாம் நபர் தகவல் என்றால் அதிகாரி 5 நாளில் அந்த நபருக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டும், அவர் 10 நாளில் கருத்துச் சொல்லலாம். மனுவிலேயே ‘பிரிவு 11-ன்படி அவர் சம்மதத்தைக் கேட்கவும்’ என்று எழுதினால் மறுப்பு வந்தாலும் நண்பருக்கு விஷயம் போய்விடும்.

#12 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

அந்தப் பிரிவை முழுக்கப் படியுங்கள். அதிகாரி வெளியிட உத்தேசித்தால்தான் நோட்டீஸ். உத்தேசமே இல்லை என்றால் நேராக 8(1)(j). சில இடத்தில் வேலை செய்யலாம், நம்பி உட்காரமுடியாது. தவிர, 76 வயது மனிதருக்கு ‘உங்களைப் பற்றிய தகவல் கேட்கப்பட்டுள்ளது’ என்று ஒரு அரசாங்க நோட்டீஸ் போனால் பென்ஷனில் ஏதோ சிக்கல் என்றுதான் முதலில் பயப்படுவார்.

ஆர்.டி.ஐ. வேறொன்றுக்கு நன்றாக உதவும். கலைக்கப்பட்ட, மாற்றப்பட்ட யூனிட்டின் லாங் ரோல் இப்போது எந்த ரெக்கார்ட்ஸ் வசம் இருக்கிறது என்று கேளுங்கள். அது யாருடைய தனித் தகவலும் இல்லை, மறுக்க முடியாது.

#13 கரிசல்காட்டான்

சரி, கடிதத்தைச் சேர்க்கச் சொல்வது எப்படி? கவருக்குள் கவரா?

#14 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

ஆமாம். வெளிக்கவர் ‘ஆபீசர் இன்சார்ஜ் ரெக்கார்ட்ஸ்’ பெயருக்கு, ஸ்பீட் போஸ்டில். உள்ளே:

ஒரு பக்கக் கோரிக்கை, ஆங்கிலத்திலோ இந்தியிலோ. தமிழில் எழுதினால் வெலிங்டனில் படிக்க ஆள் கிடைக்கலாம், லக்னோவில் கிடைக்காது. சாரம் இவ்வளவுதான்: “நான் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். கீழ்க்கண்டவருடன் இன்ன கம்பெனியில் இன்ன வருஷம் பணியாற்றினேன். அவருடைய முகவரி எனக்கு வேண்டாம். இணைத்துள்ள ஒட்டிய கடிதத்தைத் தங்கள் பதிவேட்டில் உள்ள கடைசி முகவரிக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவர் காலமாகியிருந்தால் குடும்ப பென்ஷன் பெறுபவருக்கு அனுப்பவும்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் ‘இறந்துவிட்டார்’ என்று ஒரு வரி எழுதி உங்கள் கவரைத் திருப்பிவிடுவார்கள்.

தேடுபவரின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை நகல், டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்க நகல். பென்ஷன் ஆர்டர் நகல் வேண்டாம், அதில் வங்கி விவரம் இருக்கலாம்.

உள்கவர். மேலே நண்பரின் பெயரும் தெரிந்த அளவு விவரமும் மட்டும், முகவரிக்கு இடம் காலி. தபால்தலை ஒட்டியே அனுப்புங்கள். எடைக்குச் சரியாக ஒட்டாவிட்டால் பெறுகிறவர் அபராதம் கட்ட வேண்டிவரும், பல வீட்டில் வாங்காமல் திருப்பிவிடுவார்கள்.

இப்படி அனுப்பிவைப்பது அவர்கள் கடமையில்லை, நல்லெண்ணம். அதனால் கோரிக்கையில் சட்டம், மேல்முறையீடு என்ற வார்த்தை எதுவும் வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் வராமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஷீட் ரோல் (ஆளின் சர்வீஸ் விவரத் தாள்) 25 வருஷத்துக்குப் பிறகு அழிக்கப்படும். லாங் ரோல் மட்டும் நிரந்தரம். அதில் சேர்ந்தபோது கொடுத்த ஊர், தாலுகா, ஜில்லா இருக்கும், பிறகு மாறிய முகவரி இருக்காது. ஆறுமுகம் ஏழெட்டு வருஷத்தில் வந்துவிட்டவர் என்றால் இந்த நிலைதான். அப்போது ரெக்கார்ட்ஸை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் திரும்புங்கள்.

#15 ஜில்லா_மேப்

ஊர்ப்பக்கம் திரும்பும்போது அந்த ‘வடஆர்க்காடு’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு திரியாதீர்கள். 1971-ன் வடஆர்க்காடு இன்று திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்கு மாவட்டம். போளூர் என்றால் திருவண்ணாமலை. இதே கதை எல்லா இடத்திலும். பழைய ராமநாதபுரம் 1985-ல் மூன்றாகி விருதுநகரும் சிவகங்கையும் பிரிந்தன. திருநெல்வேலியிலிருந்து 1986-ல் தூத்துக்குடி, 2019-ல் தென்காசி. தென்ஆர்க்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம், அதிலிருந்து கள்ளக்குறிச்சி. தர்மபுரி என்று பழைய காகிதத்தில் இருந்தால் கிருஷ்ணகிரியாக இருக்கலாம், 2004-க்குப் பிறகு.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போவது நல்லது. பதிவேட்டில் உயிரோடு இருப்பவர்கள் தனி, விதவையர் தனி. இரண்டிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் முதலாவதில் மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பார்கள். விதவையர் பதிவேட்டில் மனைவி பெயரில்தான் வரிசை இருக்கும் என்பதால் கணவர் பெயர் கட்டத்தைப் பார்த்துப் போகவேண்டும். புது மாவட்டமாக இருந்தால் தாய் மாவட்டத்திலும் விசாரியுங்கள், பழைய பதிவு அங்கேயே தங்கியிருக்கும்.

வாக்காளர் பட்டியல் இன்னொரு வழி. 2002, 2005 பட்டியல்கள் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் பாகம் வாரியாக இருக்கின்றன. படமாக ஏற்றியவற்றைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். ஒரு கிராமத்துக்கு இரண்டு மூன்று பாகம். ஆறுமுகம், தந்தை பெயர் இனிஷியலோடு பொருந்துவது, 2002-ல் வயது 52 என்று தேடுங்கள். வயதில் மூன்று நான்கு முன்பின் விட்டுக்கொடுங்கள். அந்தக் காலத்தில் சேரும்போது சொன்ன வயதும் ரேஷன் கார்டு வயதும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்.

#16 கரிசல்காட்டான்

இதற்கெல்லாம் முன்னால் டில்லி தேசியப் போர் நினைவகத்தின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். 2019-ல் திறந்தது, 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள், இணையத்திலும் தேடலாம். சண்டையிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்கள் மட்டும்தான் அதில். பெயர் இல்லை என்றால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லை, சண்டையில் போகவில்லை என்று மட்டும் அர்த்தம். 1973-ல் கடிதம் வந்திருப்பதால் 1971 பக்கத்தை விட்டுவிட்டு அதற்குப் பிந்தைய வருஷங்களைப் பாருங்கள்.

வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக்கில் போடுவதென்றால் பட்டாலியன் குரூப்பில் போடுங்கள், பொதுவில் வேண்டாம். கம்பெனி, பிளட்டூன், எந்த வருஷம் எந்த ஸ்டேஷன், ஊர்த் தாலுகா. முழு நம்பரைப் போடாதீர்கள், கடைசி மூன்று இலக்கத்தை மறையுங்கள். யாராவது ‘நான்தான் ஆறுமுகம்’ என்று வந்தால் அந்த மூன்றைக் கேளுங்கள். செக்‌ஷன் கமாண்டர் யார், எந்த ஸ்டேஷனில் போட்டோ எடுத்தது என்பதும் நல்ல கேள்விகள். ஸ்பர்ஷில் (ராணுவ பென்ஷன் இணையதளம்) சேர்க்க உதவுகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வருகிற ஆளை உடனே தடைசெய்யுங்கள். பழைய நண்பன் என்ற வேஷத்தில் இப்போது நிறைய வருகிறார்கள். பதிவில் தேதியைக் கட்டாயம் போடுங்கள். தேதி இல்லாத ‘இவரைத் தெரியுமா’ படம், ஆள் கிடைத்த பிறகும் ஐந்து வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

#17 இன்லேண்ட்_லெட்டர்

வெலிங்டன், அகமதுநகர், லக்னோ என்று மூன்று கவர் தயார். திருவண்ணாமலை அலுவலகத்துக்கு அடுத்த வாரம். உள்கடிதத்தில் என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது? பதில் வராவிட்டால் எத்தனை முறை அனுப்பலாம்?

#18 ரெக்கார்ட்ஸ்_கிளார்க்

ஒரு பக்கம். தேடுபவர் கையெழுத்திலேயே இருக்கட்டும், ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. போன் நம்பரை மட்டும் நீங்கள் கொட்டை எழுத்தில், இரண்டு இடத்தில் எழுதுங்கள். குரூப் போட்டோவின் நகல் ஒன்று வையுங்கள், இருவர் தலைக்கு மேலும் சின்னதாகப் பேனாக் குறி போட்டு. சண்டையில் நடந்ததை எழுத வேண்டாம். கவரை முதலில் பிரிப்பது மகனோ மருமகளோதான். அவர் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார், என்ன சொல்லவில்லை என்று நமக்குத் தெரியாது. குட்டன் பிள்ளைக்குப் போவதில் மலையாளத்தில் நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல், பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. அதோடு நிறுத்துங்கள். பதில் போடாமல் இருப்பதற்கு அவருக்குக் காரணம் இருக்கலாம்.

#19 நாகர்கோவில்காரன்

மலையாள வரிகளை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன். போட்டோ நகல் லேமினேஷன் செய்யாமல் அனுப்புங்கள். செய்தால் உள்கவர் விறைத்து, தபால் மெஷினில் மூலை கிழியும்.